ஸ்ட்ராபெரிச் செடிக்குக் கஞ்சி ஊத்தினவள் எழுதுவது

தம்பி,

நலமான்னு கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். காலையிலதான் போன்ல "சாப்பிட்டியா, எவ்வளவு தண்ணி குடிச்சே, கால் வீங்குதா"ன்னு போலீஸ்காரன் மாதிரி விசாரிச்சு முடிச்சே. அப்புறம் எதுக்கு லெட்டருன்னு கேப்பே. போன்ல நான் நாலு வார்த்தை பேசறதுக்குள்ள அஞ்சாவது வார்த்தையை நீ பேசிடுறே. இதை நீ குறுக்க பேசாம கடைசி வரைக்கும் கேக்கணும். அதான் டயாலிசிஸ் கட்டில்ல படுத்துக்கினு எழுதறேன். இடது கையில ஊசி குத்தி மெஷின்ல மாட்டிட்டாங்க, வலது கை சும்மாத்தான் கிடக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், ஃபேனை எண்ணிக்கினு படுத்திருக்கிறதுக்கு இது தேவலை. பக்கத்துக் கட்டில்காரம்மா "என்ன மா, பரீட்சை எழுதறியா"ன்னு கேக்குது. ஆமான்னு சொல்லிட்டேன்.

போன ஆடி மாசம் இதே கட்டில் பக்கத்துல நின்னுக்கினு நீ ஒண்ணு கேட்டே. "அம்மா, என் கிட்னியில ஒண்ணை எடுத்துக்கோ. ஒண்ணை வெச்சுக்கினு நான் நல்லா இருக்கலாமாம், விசாரிச்சுட்டேன்"னே. ஏதோ கடைக்குப் போறேன், என்ன வாங்கினு வரட்டும்னு கேக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமா கேட்டே. நான் உடனே, "இந்த வயசுல மாத்து ஆபரேஷன் எல்லாம் வேணாம், இப்படியே ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு"ன்னேன். தம்பி, டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நீ என் மூஞ்சியையே பார்த்துட்டு டீ வாங்கப் போயிட்டே. உன் கண்ணு கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கினேன். அந்தப் பொய்யைப் பத்தித்தான் இந்த லெட்டர். ஆனா செடியைப் பத்திப் பேசாம எனக்கு அங்க போய்ச் சேரத் தெரியலை. கொஞ்சம் பொறுத்துக்கோ.

என்னென்ன திங்கலாம்னு இங்க ஒரு பொண்ணு பேப்பர்ல எழுதிக் கொடுத்துதே, ஞாபகம் இருக்குதா? வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, மாம்பழம் கூடாது, சாத்துக்குடி கூடாது. பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கு ஆகாதாம். இந்த ஊர்ல கோயிலுக்குப் போனா தேங்கா பழத்தைத் தவிர வேற என்னத்தைக் கையில கொடுப்பாங்க? கண்ணுல ஒத்திக்கினு அப்படியே உங்கப்பாகிட்ட தள்ளிவிட வேண்டியதுதான். திங்கலாம்னு போட்டிருந்த பக்கத்துல ஆப்பிள், ஒரு துண்டு அன்னாசி, கடைசியா ஸ்ட்ராபெரி. நான் அந்தப் பொண்ணு எதிர்லயே சிரிச்சுட்டேன். "ஏம்மா, காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு ஸ்ட்ராபெரிக்கு நான் எங்க போறது?"ன்னேன். நீ சிரிக்கலை. அந்தப் பேப்பரை வாங்கி மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கினே. நான்தான் கவனிக்கலை.

நீ எப்பவுமே அப்படித்தான். உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், மாடியில உடைஞ்ச குடத்துல தக்காளி வெச்சிருந்தே. சாயம் போட்ட நூலை உலர்த்த இடம் வேணும்னு நான் குடத்தைத் தூக்கித் தெருவுல வெச்சேன். சாயந்தரத்துக்குள்ள மாடு மொத்தத்தையும் மேஞ்சுட்டுது. வேற பையனா இருந்தா உருண்டு அழுதிருப்பான். நீ என்கிட்ட வந்து, "அடுத்ததை எங்க வைக்கலாம்னு நீயே சொல்லுமா"ன்னு கேட்டே. அப்புறம் தோட்டக்கலை படிக்கணும்னு நின்னப்ப, "செடி நடறதுக்கு எதுக்குடா காலேஜு"ன்னு தெருவே கேக்கிற மாதிரி கத்தினேன். அந்தப் படிப்புதான் உன்னை ஓசூருக்குக் கூட்டிக்கினு போய் பாலிஹவுஸ்ல, அந்தப் பிளாஸ்டிக் கூரைத் தோட்டத்துல, வேலைக்கு வெச்சுது. அந்தப் படிப்புதான் இன்னைக்கு எனக்கு ஒரு பழம் கொடுக்குது. அன்னைக்குக் கத்தினதுக்கு இன்னைக்கு மன்னிப்பு கேக்கறேன். கேட்டுட்டேன், சரியா? இதுக்கு மேல அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டக் கூடாது.

தீபாவளி முடிஞ்சு பதினஞ்சு நாள்ல உன் அட்டைப்பெட்டி பஸ்ல வந்து இறங்கிச்சு. உங்கப்பா போய் வாங்கினு வந்தாரு. திறந்து பார்த்தா ஈரப் பேப்பர்ல சுத்தின பன்னெண்டு குட்டிச் செடி. ஒவ்வொண்ணும் கொத்தமல்லிக் கட்டுல கழிச்சுப் போட்ட குச்சி மாதிரி இருந்தது. இதுவா பழம் காய்க்கப் போகுதுன்னு எனக்கு இளக்காரம். கூடவே உன் வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு, எட்டு நிமிஷம். செம்மண் ஒரு பங்கு, தேங்கா நார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பையில கீழ ஓட்டை இருக்கணும். வேரு மண்ணுக்குள்ள, நடுக் குருத்து மண்ணுக்கு மேல, குருத்து புதைஞ்சா அழுகிடும். காலை வெயில் பதினோரு மணி வரைக்கும் போதும். தண்ணி வேருக்கு மட்டும், இலை மேல தெளிக்காதே. நான் ரெண்டு தடவை கேட்டேன். உங்கப்பா தறியில உக்காந்துக்கினே மூணாவது தடவை கேட்டாரு. "நம்ம பையன் வாத்தியார் மாதிரி பேசறான் பாரேன்"னாரு. அவருக்கு ஒரே பெருமை.

இனிமே வர்றதுதான் என் வண்டவாளம். உனக்குப் பாதி தெரியும், மீதியையும் கேட்டுக்கோ. நம்ம தெருவுல தறியில ஏத்தற பாவு நூலுக்குக் கஞ்சி போடறதுன்னா யாரைக் கூப்பிடுவாங்க? என்னைத்தான். விடியும்போதே தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, நூல் திடமா ஆகிற வரைக்கும் உலர்த்தணும். பதம் தப்பினா நூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இல்லைன்னா தறியில பட்டு பட்டுன்னு அறும். முப்பது வருஷத்துல என் பதம் தப்பினது கிடையாது. இந்தக் கையில ஊசி ஏறினப்புறம் கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க, ஆனாலும் கஞ்சி காய்ச்சறப்போ பதம் பார்க்க என்னைத்தான் கூப்பிடறாங்க. அப்படிப்பட்டவ கண்ணு எதிர்ல செடி துவண்டுக்கினு நின்னா சும்மா இருப்பாளா? நூலுக்கே தெம்பு கொடுக்கிற கஞ்சி செடிக்குக் கொடுக்காதான்னு தோணிச்சு. மிச்சக் கஞ்சியைத் தண்ணியா கரைச்சு, தினம் ஆளுக்கு ஒரு டம்ளர்னு பந்தியில பரிமாறற மாதிரி ஊத்தினேன். உங்கப்பா, "பையனை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யேன்"னாரு. "செடி அவனுது, கஞ்சி என்னுது, நீங்க தறியைப் பாருங்க"ன்னேன்.

நாலாவது நாள் மாடியில புளிச்ச வாடை. படிக்கட்டுலேர்ந்தே எறும்பு வரிசை கட்டி ஏறுது. மழை வேற ஊத்திக்கினு இருந்ததா, குருத்து மேல எல்லாம் வெள்ளை வெள்ளையா பூஞ்சை. இழுத்துப் பார்த்தா ஒரு செடி அப்படியே கையோட வந்துட்டுது. எனக்கு உயிரே போயிட்டுது. நீ வேற தினமும் "போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்பு"ன்னு நச்சரிக்கிறே. நான் என்ன பண்ணினேன்? முதல் நாள் எடுத்து வெச்சிருந்த போட்டோவையே திருப்பித் திருப்பி அனுப்பினேன். மூணாவது நாள் நீ கேட்டியே ஒரு கேள்வி! "அம்மா, இந்த இலையில புழு தின்ன ஓட்டை மூணு நாளா அதே அளவுல இருக்குதே, புழு விரதமா?" நான் நெட்வொர்க் சரியில்லைன்னு போனை வெச்சுட்டேன். இப்ப சிரிப்பு வருது. ஆனா அப்ப எனக்குப் பொய் எவ்வளவு சுலபமா வந்ததுன்னு நினைச்சா கூச்சமா இருக்குது. பெரிய பொய்யை உள்ள வெச்சிருக்கிறவளுக்கு சின்னப் பொய் தானா வருது போல.

அந்த ஞாயித்துக்கிழமை நீ வந்து நேரா மாடிக்கு ஏறி, ஒரு பையை எடுத்து மோந்து பார்த்தே. "என்ன ஊத்தினே?" "தண்ணிதான்பா." "தண்ணிக்கு எறும்பு வராதுமா." நான் தலையைக் குனிஞ்சுக்கினு "கஞ்சி"ன்னேன். நீ அப்படியே தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சே. "செடியைத் தறியில ஏத்தப் போறியா மா?"ன்னே. ஒரு வார்த்தை திட்டலை. நான் உன் தக்காளிக் குடத்தைத் தெருவுல வெச்சவ, அதையும் நீ சொல்லிக்காட்டலை. ஏழு போச்சு, அஞ்சு இருந்தது. அந்த அஞ்சையும் வேரோட எடுத்து, தண்ணியில அலசி, கறுத்த வேரைக் கத்தரிச்சு, புது மண்ணுல வெச்சே. "நீ வை"ன்னு கடைசிச் செடியை என் கையில கொடுத்தே. நான் குருத்தைப் புதைச்சுட்டேன். "இன்னும் மேல, இன்னும் மேல"ன்னு என் விரலைப் பிடிச்சுத் தூக்கி விட்டே. உனக்கு அன்னைக்கு மத்தியானம் மூணு மணி வரைக்கும் சோறு போடலைன்னு உன்னை பஸ் ஏத்தி விட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

அப்புறம் நான் திருந்திட்டேன்டா. நீ சொன்னதுக்கு மேல ஒண்ணும் செய்யலை, குறைவாவும் செய்யலை. முதல் பூ வந்தப்போ கிள்ளிடுன்னு சொன்னே, செடிக்கு வேர் பிடிக்கட்டும்னே. பூவைப் பார்த்தா வெள்ளை வெளேர்னு மூக்குத்தி மாதிரி இருக்குது, எனக்குக் கிள்ள மனசு வரலை. கண்ணை மூடிக்கினு கிள்ளினேன். பக்கத்துல கொடி ஓட ஆரம்பிச்சா அதையும் வெட்டினேன். காய் மண்ணுல படாம இருக்க வைக்கோல் பரப்பினேன். அணிலுக்குப் பயந்து, நீ தொட்டில்ல தூங்கினப்போ போட்ட கொசுவலையைத் தேடி எடுத்துக் கட்டினேன். என் காய்கறியை எல்லாம் நறுக்கி வெந்நீர்ல ஊறவெச்சு, பொட்டாசியம் இறங்கின தண்ணியைக் கொட்டிட்டுத்தானே சமைக்கணும்? அந்தத் தண்ணி உப்பில்லாம ஆறியிருந்தா செடிக்கு நல்லதுன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகலை. எனக்கு ஆகாதது அதுங்களுக்கு ஆகுது. நாள் முழுக்க எனக்கு ஒரு பாட்டில் தண்ணிதான் கணக்கு. அந்தப் பாட்டிலை வெச்சுக்கினு சாயந்தரம் ஒவ்வொரு வாயா குடிப்பேன் பாரு, அப்ப மாடியில போய் அதுங்க பக்கத்துல உக்காந்துப்பேன். தாகம் கொஞ்சம் குறையுது. ஏன்னு எனக்குத் தெரியலை. சித்திரை வெயில்ல இது நிக்காதுன்னு சொல்லிட்டே, நானும் மனசைத் தேத்திக்கினேன். ஆனா ஒரு விஷயம் சொல்றேன், இந்த மூணு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போற நாள், போகாத நாள்னு இல்லாம, காலையில எழுந்திருக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கொடுத்தது நீ.

இன்னைக்கு இவ்வளவுதான், மெஷின் கூவுது.

திரும்பவும் கட்டிலுக்கு வந்துட்டேன். இன்னைக்கு எழுதி முடிச்சுடணும்.

போன வாரம் ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்றேன். உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா என் பக்கத்தைக் கேளு. ஏழு பழம் பழுத்திருந்தது. கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான், ஆனா என்ன சிவப்பு! உங்கப்பா, "அரக்குப் பட்டுல இப்படி ஒரு கலர் வந்தா கண்ணை மூடிக்கினு வாங்குவாங்க"ன்னாரு. நான் ஒண்ணைக்கூட வாயில வைக்கலை. நீ வர்றதுக்காக ரெண்டு நாள் செடியிலயே விட்டு வெச்சு, நீ வந்ததும் பறிச்சு, கழுவி, தட்டுல வெச்சுக்கினு வந்தேன். நீ என்ன சொன்னே? "எனக்கு வேணாமா, பாலிஹவுஸ்ல தினமும் பார்க்கறேன். உனக்குத்தான் வேற பழம் ஆகாது, நீ சாப்பிடு." நான் ஒண்ணு எடுத்துக்கோன்னேன். வேணாம்னே. அரை எடுத்துக்கோன்னேன். "படுத்தாதமா"ன்னு என் கையைத் தள்ளினே.

எனக்கு எங்கேர்ந்து அவ்வளவு கோபம் வந்ததுன்னு தெரியலை. "என் கையால வளர்த்ததுல ஒண்ணு தின்னா உன் வாய் வெந்தா போயிடும்?"னு தட்டை டங்குன்னு வெச்சேன். அழுகை வேற வந்துட்டுது. நீ மிரண்டு போய் ஒண்ணை எடுத்தே, நான் தட்டையே தூக்கிக்கினு உள்ள போயிட்டேன். சரியா சொல்லிக்காம பஸ்ஸுக்குக் கிளம்பிட்டே. நீ போனப்புறம் மாடியில உக்காந்துக்கினு நினைச்சேன். ஏழு பழம், அதை வேணாம்னதுக்கே எனக்கு நெஞ்சு இப்படி அடைக்குதே. ஆடி மாசத்துல அந்தப் பிள்ளை உடம்புலேர்ந்து எடுத்துக்கோன்னு வந்து நின்னானே, அவனை நான் எப்படித் திருப்பி அனுப்பினேன்? நீ ஒரு வார்த்தை கோபப்படலையே தம்பி. டீ வாங்கப் போனியே.

இன்னொரு பாதி இருக்குது, அதுதான் எனக்குச் சொல்ல நாக்கு கூசுது. உன்கிட்ட டாக்டர் வேணாம்னாருன்னு சொன்னேன் இல்லையா? டாக்டர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "பையனுக்கு இஷ்டம் இல்லை"ன்னு சொன்னேன். உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்குது, அவருது ஆகாதுன்னுட்டாங்க, பையன் இருக்கானேன்னு டாக்டர் கேட்டுக்கினே இருந்தாரு. அவர் வாயை மூட எனக்கு வேற வழி தெரியலை. உங்கப்பாகிட்ட என் தலைமேல சத்தியம் வாங்கினேன், அதனால அவரும் வாயைத் திறக்கலை. அவரை ஒண்ணும் சொல்லாதே. இங்க இருக்கிற ஸ்டெல்லா சிஸ்டர் உன்னைப் பார்த்தா மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? "நான் என்னமா பண்ணேன், அந்த சிஸ்டர் என்னை முறைக்குது"ன்னு நீ சிரிச்சுக்கினே கேட்டே. நீ ஒண்ணும் பண்ணலை. நான் பண்ணினது. ராத்திரி பஸ் பிடிச்சு வந்து, என் செருப்பைக் கையில தூக்கிக்கினு பின்னாடியே நடந்த பிள்ளைக்கு நான் இந்த ஆஸ்பத்திரியில அப்படி ஒரு பேர் வாங்கிக் கொடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஏழு பழத்துல மிச்சம் இருந்ததை டப்பாவுல எடுத்துக்கினு வந்தேன். சிஸ்டருக்கு ஒண்ணு கொடுத்தேன். வாயில போட்டுக்கினு, "ஐயோ, என்னமா இனிக்குது! எங்க வாங்கினீங்க?"ன்னாங்க. "என் பையன் கொடுத்த செடி"ன்னேன். சிஸ்டர் மெல்லறதை நிறுத்திட்டு, "செடி கொடுக்க மட்டும் மனசு வருது போல"ன்னாங்க. சொன்னதும் அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது, "தப்பா எடுத்துக்காதீங்கமா"ன்னாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. "அவன் தரேன்னான் சிஸ்டர்! ஆடி மாசமே தரேன்னு இங்கதான் நின்னுக்கினு கேட்டான். நான்தான் பொய் சொன்னேன். என் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதீங்க!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்துது. பக்கத்துக் கட்டில்காரம்மா, "நல்லா இருக்குதுமா உன் நியாயம்"னு என்னையே திட்டிச்சு. மெஷின் கூட பீப் பீப்னு கத்திச்சு, பிபி ஏறிட்டுதாம்.

டாக்டர் வந்து என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு. எடுக்கட்டும், எனக்கு வேணும். அவர் கேட்டாரு, "ஏன்மா இப்படிச் செஞ்சீங்க"ன்னு. அவர்கிட்ட சொன்னதையே உனக்கும் சொல்றேன். உன்னைப் பெத்தப்போ உன் உடம்புல ஒரு கீறல் இல்லை. அதுல எனக்காகக் கத்தி வைக்கணுமான்னு பயம். உனக்குப் பொண்ணு பார்க்கிற நேரம், பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாங்களோன்னு பயம். இதெல்லாம் நிஜம். ஆனா இதுக்கும் கீழ ஒண்ணு இருக்குது, அது பயம் இல்லை, திமிரு. பிள்ளைக்குக் கொடுக்கறவ நான், பிள்ளைகிட்ட கை நீட்டறவ இல்லைன்னு ஒரு திமிரு. கஞ்சி ஊத்தினதும் அதே திமிருதான். எனக்கு எல்லாம் தெரியும், என் கையிலேர்ந்துதான் எல்லாருக்கும் தெம்பு போகணும்னு.

நீ எனக்குச் செஞ்சது எல்லாத்துக்கும் நான் ஒரு நாளும் நன்றின்னு சொன்னதில்லை. பெத்த பிள்ளைகிட்ட யாரு சொல்றாங்க? நான் சொல்றேன். காய்கறி ஊறவைக்கக் கத்துக்கினியே, அதுக்கு. தண்ணி பாட்டில்ல கோடு போட்டுக் கொடுத்தியே, அதுக்கு. பன்னெண்டு செடிக்கு, செத்த ஏழுக்கும் சேர்த்து. திட்டாம சிரிச்சதுக்கு. அந்தப் பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கினதுக்கு. நீ கேட்டதுக்கு.

சரி, இப்ப காரியத்துக்கு வரேன். அடுத்த திங்கட்கிழமை உனக்கு முதல் பரிசோதனைன்னு டாக்டர் எழுதிட்டாரு. வெறும் வயித்துல வரணுமாம். தேர்த் திருவிழாவுக்குத் தெருவை எல்லாம் அடைச்சிருப்பாங்க, பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தே வந்துடு, ஆட்டோக்காரன் சுத்த வைப்பான். பொருந்துமா பொருந்தாதான்னு ஒண்ணொண்ணா பார்த்தப்புறம்தான் சொல்லுவாங்களாம். டாக்டர் உன்னைத் தனியா உக்கார வெச்சு, நான் இல்லாம, உனக்கு மனசாரச் சம்மதமான்னு கேப்பாரு. பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லு. வேணாம்னு தோணினா எந்த நிமிஷமும் வேணாம்னு சொல்லு, அதுக்காக உங்கம்மா உன்னை ஒரு பார்வை மாத்திப் பார்க்க மாட்டா. ஸ்டெல்லா சிஸ்டர் உன்கிட்ட பேசணும்னு காத்துக்கினு இருக்காங்க, மூஞ்சியைத் திருப்பிக்காதே, பாவம்.

என் பக்கத்துக் கையெழுத்தை நான் போட்டுட்டேன். உங்கப்பா பக்கத்துலயே நின்னாரு. என்ன எழுதியிருக்குதுன்னு டாக்டர் படிச்சுக் காட்டினப்போ, எனக்கு ஒரே ஒரு வரிதான் காதுல விழுந்துது: "மகன் கொடுக்கும் சிறுநீரகத்தைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்."

கொடுப்பா. அம்மா வாங்கிக்கிறேன்.